நடுங்கும் கோடு

யாங்கூனின் லத்தா தெருவில், பர்மாக்காரர்கள் இடுப்பில் கட்டும் லொஞ்சித் துணி விற்கும் ஷப்னத்துக்கு வாய் கொஞ்சம் நீளம். பேரம் பேச வந்தவர்கள் அவள் பேச்சில் பேரத்தை மறந்து, சொன்ன விலைக்கே வாங்கிப் போவார்கள். கணவர் வாஜித், யாங்கூனே அறிந்த ஓவியர். அவர் பேர் சம்பாதிக்கிறார், நான் சோறு சம்பாதிக்கிறேன் என்று அவள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவாள்.

வாஜித்தின் பேரெல்லாம் ஒரு கோட்டில்தான் இருந்தது. ஆற்றில் நிற்கும் படகைத் தூரிகையை எடுக்காமல் ஒரே இழுப்பில் வரைந்து முடித்துவிடுவார். பாங்காக்கிலிருந்தெல்லாம் வந்து அந்தக் கோட்டைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள்.

அப்புறம் குரல்கள் வந்தன. தான் வரைந்த படகுக்காரர்களே தன்னைத் திட்டுகிறார்கள் என்றார். ஒரு மத்தியானம் க்யிம்யிண்டைங் படகுத்துறையில் இடுப்பளவு தண்ணீரில் நின்று அவர்களோடு சண்டை போட்டார். ஷப்னம் ஓடிவந்து கூப்பிட்டும் அசையவில்லை. நிஜப் படகுக்காரர்கள்தான் பிடித்துக் கரையேற்றினார்கள். ஆஸ்பத்திரி, மாத்திரை என்று ஆனபின் குரல்கள் அடங்கின. கூடவே கை நடுங்கத் தொடங்கியது. மாத்திரை உடம்பில் இருக்கும்வரை கொஞ்சம் நடுக்கம் இருக்கத்தான் செய்யும் என்று டாக்டர் சொன்னார்.

வாஜித் வரைவதும் கிழிப்பதுமாகக் கிடந்தார். கசக்கிறது என்று மாத்திரையைத் தள்ளினார். ஷப்னம் ஒரு வழி கண்டுபிடித்தாள். மாத்திரை வாய்க்குள் போனதுமே, தானே சுண்ணாம்பு தடவி மடித்த வெற்றிலையை நீட்டினாள். யாங்கூனில் வெற்றிலைக்கு மசியாத ஆம்பிளை உண்டா? மனுஷர் மறுபேச்சில்லாமல் வழிக்கு வந்தார்.

சில வாரங்களில் அந்தக் கோடு திரும்பி வந்தது. கம்பி மாதிரி நேர்க்கோடு. ஓவியக் கூடம் நடத்தும் சந்திரமோகன் செய்தி கேட்டு ஓடிவந்தார். ஷப்னத்துக்கும் தலைகால் புரியவில்லை. பிரியாணி ஆக்கி அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தாள். வாஜித்தின் கையில் துளி நடுக்கம் இல்லை என்று சந்திரமோகன் சாப்பிட்டபடியே புகழ்ந்தார். பரிமாறிக்கொண்டிருந்த ஷப்னத்தின் கரண்டி அப்படியே நின்றது. டாக்டர் சொன்னது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

கொல்லையில் வாஜித் வெற்றிலை துப்பும் டப்பாவைக் கவிழ்த்துக் குச்சியால் கிளறினாள். சிவந்த சக்கைக்கு நடுவே பாதி கரைந்த மாத்திரை கிடந்தது. வெற்றிலை மடித்துக் கொடுத்ததே வினையாகிவிட்டது.

விருந்தாளிகள் போனதும் அதைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். வாஜித் மழுப்பவில்லை.

"கோடு போச்சுன்னா நான் யாரு ஷப்னம்?"

"அத விடுங்க. குரல் கேக்குதா, இல்லயா?"

"ரெண்டு நாளா கூப்பிடுறாங்க. மெதுவாத்தான்."

ஷப்னத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "மச்சான், அன்னிக்குத் தண்ணிக்குள்ள நின்னுகிட்டு என்னயப் பாத்து, யாரும்மா நீன்னு கேட்டீங்க. இன்னொரு வாட்டி அதக் கேக்க என்னால ஆகாது."

இதை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. வாஜித் எழுந்து போய் டம்ளரில் தண்ணீர் எடுத்து, புது மாத்திரையை அவள் கண்முன்னே விழுங்கினார்.

கை மறுபடி நடுங்கியது. இந்தத் தடவை அவர் கிழிக்கவில்லை. நடுக்கத்தோடேயே வரைந்தார். படகு அலையில் ஆடுவதுபோல் இருந்தது. சந்திரமோகன் முதலில் முகம் சுளித்தார். அந்தப் படங்கள் விற்றுப்போனதும் இதுதான் உச்சம் என்று பேச ஆரம்பித்துவிட்டார். இப்போது நகரத்து இளம் ஓவியர்கள் நல்ல கையை வேண்டுமென்றே ஆட்டி ஆட்டி வரைகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் ஷப்னம் வயிறு வலிக்கச் சிரிப்பாள்.

ஆனால் தினமும் கடைக்குக் கிளம்புமுன், முந்தின நாள் வரைந்த படத்தின் முன் ஒரு நிமிஷம் நிற்பாள். படகையெல்லாம் அவள் பார்ப்பதில்லை. கோடு நடுங்கியிருந்தால் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். நேராக இருந்தால் அன்று கடை திறக்காது.