பூண்டுத் தராசில் ஏறிய எடை

எங்கள் மேல்மலை ஊரில் பூண்டைப் பிடுங்கிய கையோடு எடை போடமாட்டோம். ஈரம் வற்றக் காய்ந்த பிறகுதான் தராசுக்கு வரும். பச்சைப் பூண்டில் எவ்வளவு தண்ணீர் எடை என்பது என் வீட்டுக்காரருக்கு அத்துப்படி. அவர் தலையில் ஈரப் பூண்டைக் கட்ட ஒருவராலும் முடிந்ததில்லை.

அப்படிப்பட்ட மனுஷன்தான் ஏமாந்தார். கூடவே நானும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில் ஒரு தை மாதம் அவருக்கு ஓயாத அசதி. தோட்டத்துக்குப் போவதற்குள் நாலு இடத்தில் உட்கார்ந்து எழுவார். சோறும் செல்லவில்லை. ஆள் உருகிப் போய்விடுவாரோ என்று பயந்து, மூட்டை நிறுக்கும் தராசில் அவரை உட்கார வைத்துப் பார்த்தேன். பத்து நாள் கழித்து மறுபடி நிறுத்தால் மூன்று கிலோ கூடியிருந்தது!

“பாத்தியா, தேறிட்டேன்,” என்றார். கன்னம்கூட உப்பியிருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. உப்பும் மிளகும் தூக்கலாகப் போட்டு ரசம் வைத்தேன். கேட்டபோதெல்லாம் சொம்பு சொம்பாகக் கஞ்சித் தண்ணீர். பாவி, என் கையாலேயே கொடுத்தேன்.

மூச்சு முட்டிய பிறகுதான் கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் அவர் கணுக்காலில் விரலை அழுத்தி எடுத்தார். குழி அப்படியே நின்றது.

“இது சதை இல்லம்மா, தண்ணி. கிட்னி கெட்டுப்போச்சு. வெளிநாட்டுல மெஷின் வச்சு ரத்தத்தச் சுத்தம் பண்றாங்களாம். இங்க அதுக்கு வழியில்ல. உப்பு ஆகவே ஆகாது. ஒரு நாளைக்கு ரெண்டு டம்ளர் தண்ணி, அவ்வளவுதான்.”

திரும்பும்போது பஸ்ஸில், “ஈரத்தோட நிறுத்துட்டமே புள்ள,” என்றார். சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

அதற்கப்புறம் நான் காவல்காரியானேன். தண்ணீர்ப் பானையை உள்ளறையில் வைத்துப் பூட்டினேன். “தண்ணி கேட்டா இல்லைங்கிறவ பொம்பளையா?” என்று அவர் சொந்தக்காரர்கள் கரித்துக்கொட்டினார்கள். கொட்டட்டுமே. எனக்கு அவர் வேண்டும்.

ஒரு நாள் காலையில், “ஏ புள்ள, நாக்கு வறண்டு கெடக்கு. ஒரே ஒரு மடக்கு,” என்றார்.

“வெள்ளனே ஒரு டம்ளர் குடிச்சீங்கள்ல? இனி சாயங்காலந்தான். சும்மா நச்சரிக்காதீங்க,” என்று எரிந்து விழுந்தேன்.

சாயங்காலம் வரை அவர் இருக்கவில்லை. உச்சிப்பொழுதில் மூச்சு இழுத்துக்கொண்டது. அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். வழக்கப்படி ஆளுக்கொரு சங்குப் பால் அவர் வாயில் ஊற்றினார்கள். பக்கத்து வீட்டுக்காரி என் கையிலும் சங்கைத் திணித்தாள்.

“நீயும் ஊத்து ஆத்தா,” என்றாள்.

ஊற்றினேன். உள்ளே இறங்கவில்லை. கடைவாய் வழியாக வழிந்துவிட்டது.