கடலுக்கு முன் வல்லக்கோட்டை வரை

“…மோதிரத்தைக் கழட்டி என் கையில குடுத்துட்டு வண்டி ஏறுற மனுசன நம்பி நான் எப்படிக்கா புள்ளையோட ஒக்கார்றது? நீங்க ஜீப்புல வாங்க. நான் ஷேர் ஆட்டோல முன்னாடி போயி வல்லக்கோட்டை முருகன்கிட்ட ஒரு வார்த்த சொல்லி வெக்கிறேன்.”

சொன்னவள் என் பக்கத்து வீட்டுக்காரி. சொல்லிவிட்டு மகனைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரகடம் கூட்டு ரோட்டைப் பார்த்து நடந்துவிட்டாள். மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தவர் அவள் புருஷன். ஜீப்பின் கதவைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

அவர்மேல் தப்பில்லை. அவர் வேலை அப்படி. கார் கம்பெனியில் லைன் முடிகிற இடத்தில் நிற்பார். புது வண்டி வெளியே வந்ததும் ஏறி உட்கார்ந்து, யார்டு வரைக்கும் ஓட்டிப் போய், வரிசையில் நிறுத்திவிட்டு, நடந்தே திரும்பி வந்து அடுத்த வண்டியில் ஏறுவார். பெயிண்டில் கீறல் விழக்கூடாது என்பதால் மோதிரம், வாட்ச், பெல்ட் பக்கிள் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. யார்டுக்குள் இரண்டாவது கியரைத் தாண்டக் கூடாது. பக்கத்து சீட்டில் ஆள் ஏறக் கூடாது. சீட்டுக்குப் போட்ட பிளாஸ்டிக் கவரைக்கூடக் கழற்றாமல்தான் ஓட்ட வேண்டும். இத்தனை வருஷத்தில் அவர் கைப்பட்ட கார்களை வரிசையாக விட்டால் சுங்குவார்சத்திரம் தாண்டிப் போகும். ஆனால் தெருவில் அவர் ஓட்டியதெல்லாம் டூ வீலர்தான். லைசென்ஸ் வாங்கியதே வேலைக்காக.

“நாள் பூரா காரு ஓட்டறாரு. ஒரு காராவது எங்க வூட்டு வாசலப் பாத்திருக்குதா?” என்பது அவள் வழக்கமாகச் சொல்லும் சொல். எனக்கு இந்த மாதிரி சொற்கள்மேல் ஓர் ஆசை. கேட்டால் விட மாட்டேன், மறுநாள் கம்பெனி பஸ்ஸில் நான்கு பேரிடம் சொல்லித் தீர்த்துவிடுவேன்.

கடல் யோசனை ஆரம்பித்தது ஒரு சாயங்காலம், தண்ணீர் மோட்டார் போட்டுக் குடம் பிடிக்கிற நேரத்தில். அவர் செல்போனில் ஒரு வீடியோ காட்டினார். ஒரு ஜீப் அலையோரமாக ஈரமணலில் போகிறது. பொழுது சாய்கிற நேரத்தில் கூடாரம் அடித்து, அடுப்பு மூட்டிச் சமைக்கிறார்கள்.

“நல்லா கீது,” என்றேன்.

“அக்கா, நான் நிறுத்துன காரெல்லாம் டிரெய்லர் ஏறி, துறைமுகம் போயி, கப்பல் ஏறி எந்தெந்த நாட்டுக்கோ போயிருச்சி. நான் ஒரு தபாகூட கடல் வரிக்கும் ஓட்டிகினு போவல.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சொன்ன பிறகு குடம் நிரம்பி வழிந்தும் அவர் குழாயை மூடவில்லை. இது சும்மா ஊர் சுற்றும் ஆசையில்லை என்று எனக்கு அப்போதே தெரிந்துபோயிற்று.

கார் கம்பெனிக்கு வருஷத்தில் ஒரு வாரம் ஷட் டவுன். நான் வேலை பார்ப்பது அந்தக் கம்பெனிக்கு ஒயரிங் கட்டித் தரும் இடம். அவர்கள் மூடினால் நாங்களும் மூடியாக வேண்டும். ஆக நாள் தானாகவே கிடைத்தது. போக வேண்டிய ஊரும் அப்படித்தான். என் லைனில் என்னோடு ஒயர் கட்டுகிற பெண்ணுக்குக் கடப்பாக்கம் தாண்டி ஒரு சின்ன மீனவக் குப்பம். செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், கல்பாக்கம் வழியாகப் போய்க் கடற்கரைச் சாலையில் தெற்கே திரும்ப வேண்டும். கூட்டம் கிடையாது, கடை கிடையாது, படகும் வலையும்தான் என்றாள். அவள் அப்பாவிடம் போனில் பேசினோம். ஸ்பீக்கரில் போட்டுக் காம்பவுண்டே கேட்டது.

“மணல்ல எறக்கறதுக்கு முன்னாடி டயர்ல காத்தக் கொறைங்க,” என்றார் அவர். “டயரும் மனுசன் மாதிரிதான். வெறைப்பா இருந்தா புதையும், தளர்ந்து குடுத்தா தாண்டும். காஞ்ச மணலுக்கு ஏறாதீங்க, ஈரத்தோட போங்க. மேட்டுல கோல் நட்டு வெச்சிருந்தா அங்க ஆமை முட்டை கீது, அந்தப் பக்கமே வராதீங்க. நிறுத்தும்போது கடலுக்கு முதுகக் காட்டி நிறுத்துங்க. அவசரம்னா ஓடி வரணும்ல?”

டயரும் மனுசனும் என்ற அந்தச் சொல்லை நான் ஒரு வாரம் பஸ்ஸில் ஓட்டினேன்.

கூடாரம் ஆன்லைனில் வந்தது. மொட்டை மாடியில் அதை நிமிர்த்திப் பார்த்தபோது ஒரு கம்பி கண்டபடி வளைந்தது. எங்கள் லைனில் ஒயர் கட்டுகிற பிளாஸ்டிக் டையால் இறுக்கிக் கட்டினேன், நின்றது. பக்கத்து வீட்டுப் பையன் உள்ளே புகுந்தவன், சோற்றுத் தட்டோடு வந்து கூப்பிட்டும் வெளியே வரவில்லை. மீன் அங்கேயே வாங்குவதா, கையோடு புளிசாதம் கட்டிப் போவதா என்று அவன் அம்மாவும் நானும் இரண்டு நாள் சண்டை போட்டோம். கடைசியில் இரண்டும் என்று முடிவாயிற்று. எங்கள் காம்பவுண்டு ஓனர் தன் பழைய ஜீப்பைத் தந்தார். முன்பு கம்பெனி ஸ்டாஃபுக்கு ஓடிய வண்டி. “கீறல் பட்டா கவலப்படாதீங்கப்பா, கீறல் இல்லாத எடம் இருந்தா எனக்குக் காட்டுங்க,” என்றார்.

யார் ஓட்டுவது என்பதில்தான் எல்லாம் நின்றது.

என் வீட்டுக்காரர் கம்பெனி பஸ் டிரைவர். எல்லோரும் அவரைத்தான் பார்த்தார்கள். “லீவு நாள்லயும் ஸ்டீயரிங்கா? தவில்காரன் தூக்கத்துல தவில் அடிப்பானா?” என்று கேட்டுவிட்டுத் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

“அண்ணன் ஓட்டுனா வரேன்,” என்றாள் அவள். “இல்லனா நானும் புள்ளையும் கடல டிவிலயே பாத்துக்கறோம். நீங்க போயிட்டு வாங்க.”

அவள் புருஷன் என்னிடம் தனியாகச் சொன்னார்: “அவ வராம நான் கடலுக்குப் போயி இன்னாக்கா பண்றது? உப்பு அள்ளவா?”

அதனால்தான் நான் முதலில் வல்லக்கோட்டை முருகன் கோயில் வரை போகலாம் என்று சொன்னேன். பக்கம்தான். ஷட் டவுனுக்கு முன்பே கிருத்திகையும் வந்தது. வண்டிக்கு ஒரு பூஜையும் ஆகும், இவருக்கு ஒரு பழக்கமும் ஆகும். அவளும் சரி என்றாள். காலையில் அவர் மோதிரத்தைக் கழற்றினார், அவள் ஷேர் ஆட்டோவுக்குப் போனாள்.

என் வீட்டுக்காரர் நைட் ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். பின்சீட்டில் காலை நீட்டிக்கொண்டார். நான் முன்னால் உட்கார்ந்தேன்.

ஜீப் கிளம்பியதும் ஸ்டீயரிங் பிடித்த இவர் தோள் இரண்டும் காதுவரை ஏறிவிட்டது. “அக்கா, பக்கத்துல ஆள் இருந்தா கையி மரத்துப் போவுது.”

“என்ன ஆளா நெனைக்காத. பிளாஸ்டிக் கவர் போட்ட சீட்டுன்னு நெனச்சிக்கோ.”

சொன்ன வாக்கைக் காப்பாற்ற வேண்டுமே! வாயை மூடிக்கொண்டேன். என் ஆயுளில் நான் பேசாமல் போன தூரம் அதுதான்.

வாலாஜாபாத் ரோட்டில் இரண்டாவது கியரிலேயே போனோம். இன்ஜின் கத்தியது. ஒரு தண்ணீர் டிராக்டர் எங்களை முந்திக்கொண்டு போனது. டிரைவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது. பின்னாலிருந்து தட், தட் என்று சத்தம். என் வீட்டுக்காரர் தரையைக் காலால் மிதித்துக்கொண்டிருந்தார். அது அவருடைய வியாதி. யார் வண்டியில் போனாலும் அவர் காலுக்கடியில் ஒரு பிரேக் இருக்கும். என் தம்பியின் காரில் திருப்பதி போனபோது போகவர மிதித்து, ஊருக்கு வந்து காலுக்கு ஒத்தடம் கொடுத்தோம்.

“தம்பி, வண்டி அழுவுது பாரு. மூணு போடு,” என்றார்.

இவர் ஒரு மூச்சு இழுத்துவிட்டு மூன்றாவது போட்டார். கத்தல் அடங்கியது. ஜீப் லேசாக நழுவிப் போக ஆரம்பித்தது.

“அக்கா! மூணு!”

சீட்டு பேசுமா? தலையை மட்டும் ஆட்டினேன். கொஞ்ச தூரத்தில் நாலும் விழுந்தது. அப்போது ஒரு நீள டிரெய்லர் எங்களைத் தாண்டியது. மேலும் கீழுமாகப் புதுக் கார்கள். அவர் அண்ணாந்து பார்க்கவில்லை. கண்ணை ரோட்டிலேயே வைத்துக்கொண்டு, “அந்தச் செவப்பு, முந்தாநேத்து நான் நிறுத்துனது,” என்றார். தோள் இறங்கிவிட்டது. பின்னாலிருந்து வந்த தட் தட்டும் எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை.

கோயில் பக்கம் ஒரே நெரிசல். ஒரு டெம்போவுக்கும் வேனுக்கும் நடுவில் கொஞ்சம் இடம். எங்களுக்கு முன்னால் வந்த கார்க்காரர் ஒருவர் அதில் நுழைக்கப் பார்த்து, முடியாமல் திட்டிக்கொண்டே நகர்ந்தார். பூக்கடை ஓரமாக அவள் மகனோடு நிற்பதை நான்தான் முதலில் பார்த்தேன். இவர் பார்க்கவில்லை. இடத்தைப் பார்த்தார், இரண்டு பக்கமும் கண்ணாடியைப் பார்த்தார், ஒரே திருப்பில் ரிவர்ஸில் கொண்டுபோய் வைத்துவிட்டார். இரண்டு பக்கமும் ஒரே அளவு இடைவெளி. திருத்தம் கிடையாது, முன்னே பின்னே கிடையாது.

“அட, கொண்டையில பூ வெக்கிற மாதிரி வெச்சிட்டாரே!” என்றாள் பூக்காரி.

அடுத்து அவர் செய்ததுதான் கூத்து. இன்ஜினை அணைத்தார். சாவியை வண்டியிலேயே விட்டார். இறங்கிக் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, என்னையும் பார்க்காமல், பெண்டாட்டியையும் பார்க்காமல், நேராக ரோட்டைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தார்.

“அப்பா, எங்க போற?” என்று பையன் கத்தினான்.

அவர் நின்றார். தலையைச் சொறிந்துகொண்டு திரும்பினார். “அடுத்த வண்டிக்குடா,” என்றார்.

பூக்கடையே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. டெம்போவையும் ஜீப்பையும் வேனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவர் கார் ஓட்டி அவள் பார்த்ததே இல்லை. யார்டுக்குள் யார் விடுவார்கள்?

“தினமும் இப்படித்தான் நிறுத்துவியா?” என்று கேட்டாள்.

“இதவிட நெருக்கமா.”

“ரோட்ல எப்படி வந்தாரு, அக்கா? அண்ணன் இன்னா சொன்னாரு?”

“அவரயே கேளு,” என்று பின்கதவைத் திறந்தேன்.

என் வீட்டுக்காரர் வாயைத் திறந்து வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு கால் சீட்டுக்கு மேல், இன்னொரு கால் காற்றில், தரையில் எதுவும் இல்லை. திருப்பதிக் கதை அவளுக்கும் தெரியும், நான் சொல்லாத கதையா? கொஞ்ச நேரம் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அர்ச்சனைத் தட்டு வாங்கப் போனாள்.

சாமி பார்த்துவிட்டு, டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, எல்லாம் முடிந்து புறப்படும் நேரம். ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் “ஒரகடம், ஒரகடம், ரெண்டு சீட்டு!” என்று கூவிக்கொண்டிருந்தார். ஜீப்பில் அவள் புருஷன் ஸ்டீயரிங்கில் கை வைத்தபடி ஆட்டோவையே பார்த்தார். பெண்டாட்டியைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை. நான் வழக்கம்போல முன்சீட்டில் ஏறிவிட்டேன்.

அவள் ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றி என் பக்கம் வந்தாள். “அக்கா, நீ கொஞ்சம் எறங்கி பின்னாடி போயேன். புள்ளைய மடியில வெச்சிக்கோ.”

இறங்கினேன். அவள் ஏறினாள். சேலையை இழுத்து ஒதுக்கிக் கதவைச் சாத்தினாள். பெல்ட்டைத் தேடி எடுத்து மாட்டினாள். பிறகு செருப்பைக் கழற்றிக் கீழே தள்ளிவிட்டு, இரண்டு காலையும் சீட்டின் மேல் மடக்கிப் போட்டுச் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டாள்.