கூலி பேசாமல் இறங்கியவர்கள்

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி சாலையில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே இரண்டு மாடிகளை வாடகைக்குப் பிடித்து வெளிநாட்டு மென்பொருள் கம்பெனி ஒன்று அலுவலகம் போட்டபோது, ஊரே வாயைப் பிளந்தது. பெரிய கோயிலின் மகிமை என்றார்கள் சிலர், காவிரித் தண்ணீரின் ராசி என்றார்கள் சிலர். செம்மொழிக்குச் சிரிப்புதான் வந்தது. கோயில் பார்க்க வருகிறவன் சாயங்காலம் ரயிலேறிப் போய்விடுவான். கம்பெனிக்காரன் கணக்குப் பார்த்துத்தான் வருவான். இங்கே வாடகை குறைவு, தெருவுக்குத் தெரு என்ஜினீயரிங் முடித்த பிள்ளைகள், ஒரு மணி நேரத்தில் திருச்சி விமான நிலையம். எல்லாவற்றுக்கும் மேலே, வருஷத்துக்கு ஒரு கம்பெனி தாவாத ஆட்கள்.

செம்மொழி வலங்கைமானுக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரி. அப்பா வீரையனும் அம்மா காத்தாயியும் அடுத்தவர் வயலில் உழைத்தே மகளைப் படிக்கவைத்தவர்கள். படிப்பு முடிந்ததும் சென்னைக்குப் போனாள். நாலு பேர் தங்கிய அறையில், பக்கத்துக் கட்டில்காரியின் குறட்டையோடு ஐந்தாறு வருஷம் ஓட்டினாள். தஞ்சாவூரில் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் விழுந்தடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு வேலைக்குப் போகலாம் என்ற சந்தோஷத்தில் சம்பளத்தைப் பற்றி வாயையே திறக்கவில்லை. அவளையும் சேர்த்து அங்கே சேர்ந்த நாற்பது பேரும் அப்படித்தான். சென்னை அலுவலகத்தில் அதே நாற்காலியில் உட்கார்ந்து அதே வேலையைச் செய்கிறவர்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு வாங்குகிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

காத்தாயியின் மகள் செய்யக்கூடிய தப்பா அது? காத்தாயி நடவுக்கு ஆள் கூட்டிப் போகிறவள். வயலுக்குப் போனதும் பெண்கள் அத்தனை பேரும் வரப்பில் வரிசையாக நிற்பார்கள். கூலியைப் பேசி முடிக்காமல் ஒருத்தியும் சேற்றில் கால் வைக்கக் கூடாது. ஒருத்தி இறங்கினாலும் போச்சு, பழைய கூலிக்கு எல்லோரும் சம்மதித்ததாக ஆகிவிடும். மிராசுதார்களுக்கும் அது தெரியும். அதனால் யாராவது ஒருத்தியைத் தனியாகக் கூப்பிட்டு, சிரித்துப் பேசி, உனக்கு மட்டும் கூட ஒரு மரக்கால் நெல் என்று ஆசை காட்டுவார்கள். இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவள், அலுவலகத்துக் குளிர்காற்று பட்டதும் மறந்துபோனாள். அந்த ஆத்திரம் அவளுக்குத் தன்மேலேயே இருந்தது.

இரண்டாம் வருஷம் ஒரு செய்தி வந்தது. கம்பெனியின் மேலதிகாரி இங்கிரிட் நேரில் வருகிறார். தஞ்சாவூரில் இன்னும் முன்னூறு பேரை எடுத்துப் பெரிய மையமாக ஆக்குவதா, இல்லை மூட்டை கட்டிவிடுவதா என்று அவர்தான் முடிவு செய்வார். ஏற்பாடுகளைக் கவனிக்கச் சென்னையிலிருந்து ராஜ்குமார் வந்து இறங்கினார். ‘தஞ்சாவூர் ஏன்?’ என்று செம்மொழிதான் பேச வேண்டும், திரையில் காட்ட வேண்டியதையெல்லாம் அவரே தயாராகக் கொண்டுவந்திருந்தார். மூன்றாவது படத்தில் இருந்ததைச் செம்மொழி இரண்டு தடவை படித்தாள். பாதிச் சம்பளம் போதும், வேறு வழியில்லாததால் விட்டுப் போக மாட்டார்கள்.

“இதை நான் எப்படி சார் என் வாயால சொல்றது?”

“உண்மையைத்தானே போட்டிருக்கேன். இதைச் சொன்னாதான் அவங்க இங்க வருவாங்க. நல்லபடியா பேசி முடிச்சிடுங்க செம்மொழி, மையத்துக்குத் தலைவரே நீங்கதான். நான் பேசிட்டேன்.”

அவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அதற்குள் அவர், செம்மொழிதான் தலைவர் என்று எல்லோருக்கும் வாழ்த்து மின்னஞ்சல் தட்டிவிட்டார். மத்தியானச் சாப்பாட்டில் அவள் உட்கார்ந்த மேசைக்கு யாருமே வரவில்லை. கடைசியில் ஹமீதா பானு மட்டும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பண்டாரவாடையிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிறவள், வேலை போய்விடுமோ என்று எப்போதும் பயந்துகொண்டே இருப்பவள்.

“அக்கா, நீங்க மட்டும் இறங்கிட்டீங்களாமே?”

செம்மொழி டப்பாவை மூடினாள். தன்னைத் தனியாகக் கூப்பிட்டு மரக்கால் காட்டியிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. அவமானமாக இருந்தது, அதைவிடக் கோபமாக இருந்தது. அன்று சாயங்காலமே நாற்பது பேரையும் மொட்டை மாடிக்குக் கூட்டினாள்.

“புதுசா வர்ற முன்னூறு பேருக்கும் வேலை சொல்லித்தரப் போறது நாமதான். நாம சொல்லித்தரலைன்னா இந்த மையம் கிடையாது. சென்னைச் சம்பளம் வேணும்னு கேக்கப்போறேன். தலைவர் பதவி எனக்கு வேணாம்.”

“கோவிச்சுக்கிட்டு கம்பெனி போயிட்டா?” என்றாள் ஹமீதா பானு.

“போகட்டும். மலிவுன்னு வந்தவன் இன்னும் மலிவா ஒரு ஊரு கிடைச்சா எப்படியும் போகத்தான் போறான். இன்னிக்கே போகட்டுமே.”

மறுநாள் இங்கிரிட் முன்னால் செம்மொழி மூன்றாவது படத்தைக் காட்டவே இல்லை. நீங்கள் ஏன் இங்கே வந்தீர்கள் என்று எங்களுக்குத் தெரியும் என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். நாங்கள் இங்கே இருப்பது வேறு வழியில்லாமல் இல்லை, இது எங்கள் ஊர் என்பதால் இருக்கிறோம், அதற்கு எங்களிடம் அபராதம் வாங்காதீர்கள், ஒரே வேலைக்கு ஒரே சம்பளம் கொடுங்கள், அதுவரை புது ஆள் யாருக்கும் நாங்கள் பயிற்சி தரப்போவதில்லை என்றாள். ஒன்றையும் விடாமல் சொல்லி முடித்தாள். இங்கிரிட் குறித்துக்கொண்டார், கைகுலுக்கினார், போய்விட்டார்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து ராஜ்குமார் பதிலோடு வந்து எல்லோரையும் கூப்பிட்டார். நாற்பது பேருக்கும் சென்னைச் சம்பளம். மையமும் வருகிறது. ஆனால் புதிதாகச் சேரும் முன்னூறு பேருக்குப் பழைய சம்பளம்தான்.

ஒருவரும் கைதட்டவில்லை. அப்படியானால் பயிற்சி தர மாட்டோம் என்றாள் செம்மொழி.

ராஜ்குமார் பொறுமை இழந்தார். “உங்களுக்குத்தான் கேட்டது கிடைச்சிடுச்சே! அவங்க யாருன்னே உங்களுக்குத் தெரியாது. அவங்களுக்காக எதுக்கு நிக்கிறீங்க?”

செம்மொழி பேச வாயெடுப்பதற்குள் ஹமீதா பானு எழுந்துவிட்டாள்.

“தெரியாதுதான் சார். நாங்க வந்தப்பவும் எங்களை யாருக்கும் தெரியாது. அதனாலதானே பாதி குடுத்தீங்க?”

சித்திரை பிறந்து ஆள் எடுக்கும் அறிவிப்பு வந்தபோது, அதில் சென்னைச் சம்பளமே இருந்தது. தலைவராக வெளியூரிலிருந்து வேறொருவரைப் போட்டார்கள். அன்றைக்கு ராஜ்குமாரே போன் செய்தார்.

“வாயை வச்சிக்கிட்டு சும்மா இருந்திருந்தா அந்த நாற்காலி உங்களுக்கு. வருத்தமா இல்லையா?”

“இருக்கு சார். நல்லாவே வலிக்குது,” என்றாள் செம்மொழி. “ஆனா அடுத்த தடவையும் பேசுவேன். அப்ப நாங்க முன்னூத்தி நாப்பது பேரு.”