வாட்டர் ஸ்கூட்டர் உடனே ஸ்டார்ட் ஆனது

ஆனைமலைப் பக்கம் எங்கள் தோப்பில் தங்க வருகிறவர்களுக்காக, பெரிய குட்டையில் வாட்டர் ஸ்கூட்டர் ஒன்று விட்டிருக்கிறோம். போன மாதம் அதன் ஆயில் குழாய் விரிசல் விட்டது. என் கணவர் புதுக் குழாய் மாட்டி, டேங்கில் ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்தார். உடனே ஓடியது.

ஆனால் உள்ளே இருப்பது வெளியே தெரிகிற அந்தக் குழாயில் குமிழிகள் நின்றன.

"ஏனுங்க, காத்து நிக்குதுங்களே?"

"காத்து இருந்தா ஸ்டார்ட்டே ஆகாது அம்மணி. நம்ம டீசல் மோட்டார்ல பாத்ததில்லையா?"

பார்த்திருக்கிறேன். டீசல் குழாயில் காற்று புகுந்துவிட்டால், நட்டைத் தளர்த்தி அதை எடுக்காமல் மோட்டார் கிளம்பாது. இங்கே குமிழியும் நிற்கிறது, எஞ்சினும் ஓடுகிறது. எதை நம்புவது? மகள் வேறு ஏற வந்துவிட்டாள். மனசு கேட்காமல் எஞ்சினை நிறுத்தச் சொல்லி, வண்டியை விற்ற சூலூர்க்காரருக்குப் போன் செய்தேன்.

"நல்லவேளை நிப்பாட்டுனீங்க. இதுல பெட்ரோல் வேற வழிங்க, ஆயில் வேற வழி. காத்து அடைச்சு ஆயில் போகலைன்னாலும் பெட்ரோல்ல ஓடும். நடுத்தண்ணிக்குப் போனதும் வழவழப்பில்லாம சூடேறி பிஸ்டன் புடிச்சுக்கும், எஞ்சினே போயிருமுங்க."

அவர் சொன்னபடி ஆயில் பம்பின் சின்ன ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழியில்லாமல் ஆயில் வழிந்த பிறகு இறுக்கினோம்.

ஒரே காற்று ஒரு எஞ்சினைக் கிளம்பவிடாததும் இன்னொன்றை ஓடவிட்டே கெடுப்பதும் எனக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. ஸ்டார்ட் ஆகாத வண்டிக்கு இப்போது நான் பயப்படுவதில்லை. உடனே ஸ்டார்ட் ஆனால்தான், குனிந்து குழாயைப் பார்க்காமல் மகளை ஏறவிடுவதில்லை.