தொடாமல் எப்படிப் பார்ப்பது?

என் பக்கத்துக் கடைக்காரிக்குத் தெருவில் வழங்கும் பெயர் தொடாதேக்கா. வைத்தது நான்தான், மறைப்பானேன். அவள் கடைக்குள் யார் கால் வைத்தாலும் வாங்க, உட்காருங்க என்று ஒரு பேச்சு கிடையாது. “தொடாதே!” என்பதுதான் வரவேற்பு. வயதானவர்கள் வந்தால் அதோடு ஒரு ‘ங்க’ சேரும். அவ்வளவுதான் மரியாதை.

அவள் செய்வது அக்ரிலிக் பெட்டிகள். ஓவியமோ, களிமண் வேலையோ, நூல் வேலையோ, எது வந்தாலும் அளவெடுத்துக் கண்ணாடிபோலத் தெளிவான ஒரு பெட்டி செய்து, உள்ளே வைத்து மூடி, சுவரில் மாட்டுவதற்குத் தயாராகக் கொடுத்துவிடுவாள். நான் அடுத்த கதவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். என் மெஷின் ஓடும் நேரத்தைவிட நான் அவள் கடையில் நிற்கும் நேரம்தான் அதிகம் என்று என் வீட்டுக்காரர் சொல்லிக் காட்டுவார். சொல்லிவிட்டுப் போகட்டும். அடுத்தவர் வீட்டுச் சுவரில் என்ன தொங்கப்போகிறது என்று பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? ஒருமுறை ஓர் அம்மாள் தன் பேரன் வரைந்த படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். “அடடா, மேஜை ரொம்ப நல்லா இருக்கே” என்றேன். அது நாயாம். அதோடு அந்த அம்மாள் என் கடையில் ஜெராக்ஸ் எடுப்பதையே விட்டுவிட்டாள்.

அக்ரிலிக் என்பது பெரிய ரோஷக்காரப் பொருள். கண்ணாடி மாதிரி கீழே விழுந்து உடையாது, கனமும் கிடையாது. ஆனால் நகம் பட்டால் கீறல். மேலே ஒட்டியிருக்கும் தாளை உரித்தால் போதும், அறையில் இருக்கிற தூசி, முடி, நூல் அத்தனையும் தகட்டின்மேல் வந்து ஒட்டிக்கொள்ளும். உலர்ந்த துணியால் துடைத்தால் இன்னும் மோசம், இருப்பதையும் இழுத்துக்கொள்ளும். அதனால் தாளை உரிப்பதற்கு முன்னால் அவள் தரையை ஈரத்துணியால் துடைத்து, ஃபேனை நிறுத்தி, கையுறை மாட்டி, கடைசியாக என்னைத் துரத்துவாள். “உன் சடையையும் தூக்கிட்டு வெளிய போ. அதுல இருந்து கொட்டறது பத்தாதா?” என்பாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். கோபித்துக்கொண்டு வாசலில் நின்றபடியே பார்ப்பேன்.

தொடாதேக்கா தன் அண்ணன் வீட்டு மாடியில் ஓர் அறையில் இருக்கிறாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. “வர்றவன் எதையாவது தொட்டுத் தொலைப்பான்” என்று அவளே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள். அந்த அறையையும் நான் விடாமல் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சோபா வாங்கியபோது போட்டு வந்த பிளாஸ்டிக் இன்னும் அதன்மேல்தான் இருக்கிறது. டிவி ரிமோட்டுக்கு ஓர் உறை, அந்த உறை அழுக்காகாமல் இருக்க இன்னோர் உறை. அத்தை அறைக்குப் போனால் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று அண்ணி தன் பிள்ளைகளைப் பழக்கி வைத்திருக்கிறாள். இப்படியும் ஒரு பிறவி உண்டா என்று எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

ஒருநாள் காலை ஒரு பெண் தன் அப்பாவோடு வந்தாள். கையில் துணி சுற்றிய பெரிய பலகை. அவள் அதைப் பிரித்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் நின்ற பெரியவர் கையை நீட்டி, அலமாரியில் புதிதாகத் துடைத்து வைத்திருந்த பெட்டியை மேலிருந்து கீழாகத் தடவினார். ஐந்து விரலும் பதிந்துவிட்டது.

தொடாதேக்கா கத்திவிட்டாள். “கையை எடுங்க! அவ்வளவு பெரிய போர்டு மாட்டியிருக்கேனே, கண்ணு தெரியலையா?”

“தெரியாதும்மா” என்றார் அவர் சாதாரணமாக. “என்ன எழுதியிருக்கு?”

அப்போதுதான் நாங்கள் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தோம். எனக்கே எங்காவது போய் ஒளிந்துகொள்ளலாம்போல இருந்தது. தொடாதேக்காவுக்குக் குரல் இறங்கிவிட்டது. “பார்க்கலாம், தொடக் கூடாதுன்னு எழுதியிருக்குங்க ஐயா” என்றாள்.

“இதென்ன கூத்தா இருக்கு! தொடாம எப்படிப் பாக்கறது?”

கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

பலகையில் ஒரு தெருவே இருந்தது. எல்லாம் காகிதம். சுவர்களுக்குச் சொரசொரப்பான தாள், கூரைகளுக்கு வரிவரியான அட்டை, மரத்துக்குக் கசக்கிய மெல்லிய தாள். நடுவயதில் பார்வை போன அப்பா, தான் பார்த்துப் பழகிய தெருவை விரலால் பார்க்கட்டும் என்று மகள் வெட்டி ஒட்டிச் செய்தது. அவர் தினமும் தடவித் தடவி ஓரங்களெல்லாம் பஞ்சாகியிருந்தன.

“பெட்டி போட்டு ஒட்டிடுங்கக்கா. திறக்கவே முடியக் கூடாது” என்றாள் மகள். “வேற ஊர்ல வேலை கிடைச்சிருக்கு, போறேன். நான் இல்லாதப்ப இவர் இதைத் தேய்ச்சே தீர்த்துடுவார்.”

“தேய்ஞ்சா இன்னொண்ணு செஞ்சு கொடேன்” என்றேன் நான். எனக்கு வாய் சும்மா இருக்காது.

அவள் வலது கையைத் தூக்கிக் காட்டினாள். விரல்கள் பாதி மடங்கியே நின்றன. ஏதோ நரம்புக் கோளாறு. கத்தரிக்கோல் பிடித்தால் பிடித்த இடமே தெரிவதில்லையாம். இனி சரியாகாது என்று மருத்துவமனையில் கையை விரித்துவிட்டார்கள். “இதுதான் நான் செஞ்ச கடைசி வேலை. இது போச்சுன்னா போச்சு” என்றாள்.

“அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார் அப்பா. சொல்லும்போது அவர் விரல் அந்தத் தெருவில்தான் நடந்துகொண்டிருந்தது.

மறுநாள் மதியம் நான் எட்டிப் பார்த்தபோது தொடாதேக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டு, கையுறை இல்லாத வெறும் விரலால் அந்தக் காகிதத் தெருவைத் தடவிக்கொண்டிருந்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“என்னக்கா, நீயே தொடறே?”

“தொட்டுப் பாக்கறேன்டி. எது கதவு, எது ஜன்னல்னு ஒரு எழவும் தெரியல.” கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். “ஆமா, தொட்டுப் பாருன்னுதானே எல்லாரும் சொல்றோம்? மோந்து பாரு, கேட்டுப் பாரு, தின்னு பாருன்னு எல்லாத்துலயும் ஒரு ‘பாரு’ ஒட்டிக்கிட்டு இருக்கு. இத்தனை நாளா வாயில வந்துட்டுதான் இருக்கு, எனக்கு இப்பத்தான் காதுல விழுது.”

அதற்குப் பிறகு அவள் அந்தப் பெட்டிக்குப் பசை போடவில்லை. முன்பக்க மூடியை மட்டும் நான்கு மூலையிலும் திருகாணி வைத்துக் கழற்றி மாட்டும்படி செய்தாள். அப்பாவோடு வாங்க வந்த மகளுக்கு அதைப் பார்த்ததும் முகம் சிவந்துவிட்டது.

“நான் என்ன சொன்னேன், நீங்க என்ன செஞ்சு வெச்சிருக்கீங்க?”

“ஒட்டிட்டா உனக்குத்தாம்மா இது படம். அவருக்கு வெறும் வழவழ தகடு. கட்டின அப்பாவுக்குக் காட்டாத தெருவை யாருக்கும்மா காப்பாத்தி வெக்கறே?” என்றவள், ஒரு சின்னத் திருப்புளியை எடுத்துப் பெரியவர் கையில் வைத்து மூடினாள். “ஐயா, கையைக் கழுவித் துடைச்சுட்டுத் தொடுங்க. அது போதும்.”

மகள் நன்றி சொல்லாமல் போனாள். ‘கட்டின அப்பா’ என்று ஒரு சொல் உண்டா என்று நான் கேட்டேன். “அவசரத்துல வந்துடுச்சு, போடி” என்றாள். அந்தத் தெரு அழிந்தால் பழி தன் தலையில்தான் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு வருடம் கழித்து அந்தப் பெண் திரும்பி வந்தாள். பெட்டியைத் தூக்கி வந்து மேஜைமேல் வைத்தாள். கூட வந்த அப்பாவை வெயில் தாங்காது என்று என் கடையில் உட்கார வைத்திருந்தாள்.

“உங்க புண்ணியத்துல ஒரு இடமே காணாமப் போச்சு. இப்பவாவது ஒட்டித் தொலைங்க” என்றாள். பயணக் களைப்பு, கோபம் எல்லாம் சேர்ந்து குரல் உடைந்திருந்தது.

தொடாதேக்கா மூடியைக் கழற்றினாள். நான் தலையை நீட்டினேன். எந்த இடம் என்று பார்க்காமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீடுகள் அப்படியே இருந்தன. மரம் அப்படியே இருந்தது. அவருடைய வீட்டு வாசல்கூடப் பெரிதாகத் தேயவில்லை. தெருமுனை பஸ் நிறுத்தத்தில் மட்டும் கட்டைவிரல் அளவுக்குப் பலகை தெரிந்தது. அங்கே இருந்தது அடியோடு போய், ஒட்டிய பசையும் தேய்ந்து, அடிப்பலகை மினுமினுத்தது.

“இங்க என்னம்மா இருந்துச்சு?” என்று கேட்டாள் தொடாதேக்கா.

அந்தப் பெண் குனிந்து பார்த்தாள். அவசரத்தில் ஓட்டையைத்தான் பார்த்திருக்கிறாள்போல, எந்த இடம் என்று பார்க்கவில்லை.

“நான்தான்” என்றாள். “தோள்ல பை மாட்டிக்கிட்டு ஒரு சின்னப் பொண்ணு. என்னையே செஞ்சு நிறுத்தியிருந்தேன்.”

“நீ ஊருக்குப் போனப்புறம் நடுவுல எப்பவாவது வந்தியாம்மா?” என்று நான் கேட்டேன்.

“இப்பத்தான் முதல் தடவையா வரேன்” என்று சொன்னவள் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, “ஒட்ட வேணாம். கத்தரிக்கோல் இருந்தா குடுங்க” என்றாள்.

மெல்லிய தாள் அவள் விரலுக்கு நிற்கவில்லை. தடித்த அட்டையாக ஒன்றை எடுத்துக் கொடுத்தாள் தொடாதேக்கா. கத்தரிக்கோல் இரண்டு முறை கீழே விழுந்தது. பார்க்கச் சகிக்காமல் உதவிக்கு நான் கையை நீட்டினேன். “தொடாதே!” என்றாள் தொடாதேக்கா. அந்தப் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டு, மடங்கிய விரல்களால் வெட்டி முடித்தாள். வந்தது ஒரு கோணல் பொம்மை. உடம்பு பீப்பாய், கால் ஒன்று கட்டை, பை எது, கை எது என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். தொடாதேக்கா அதைத் தேய்ந்த இடத்தில் ஒட்டி, காய்ந்ததும் என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். நான் போய்ப் பெரியவரைக் கைபிடித்து அழைத்து வந்தேன்.

அவர் விரல் வீடுகளிடம் போகவே இல்லை. நேரே பஸ் நிறுத்தத்துக்குத்தான் போனது. போய் முட்டி நின்றது. மேலே ஏறி, கீழே இறங்கி, சுற்றி வந்தது.

“யாரும்மா இது, இவ்வளவு குண்டா?”

“நான்தாம்ப்பா.”

“அடிப்பாவி! அந்த ஊர்ச் சாப்பாடு ஒத்துக்கிச்சுபோல இருக்கே!” என்று சிரித்தார். நாங்களும் சிரித்துவிட்டோம். விரல் கீழே இறங்கியது. “கால் ஏன் ஒண்ணு கட்டையா இருக்கு?”

“கை இவ்வளவுதாம்ப்பா வருது” என்றாள் அவள்.

“வந்துட்டே இல்ல” என்றார் அவர். “அது போதும்.”