நெற்றிக்குப் போன கை

என் போன் ஓர் ஏழைப் போன். விற்ற கடைக்காரரே, "பேசலாம், படம் பார்க்கலாம், மத்ததெல்லாம் ரொம்ப எதிர்பார்க்காதீங்க" என்று சொல்லித்தான் கையில் கொடுத்தார். அதில் வீடியோ எடுத்தால் வேகமாக அசைகிற எதுவும் புகையாகிவிடும். நிழலில் எடுத்தால் இன்னும் மோசம். இரண்டு நிமிடம் ஓடினால் சூடாகும்; மூன்றாவது நிமிடம் இடமில்லை என்று நின்றுவிடும். நேற்று வந்த காலை வணக்கப் படங்களையெல்லாம் அழித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். மற்றவர்களுக்கு இதெல்லாம் ஒரு குறையே இல்லை. எனக்கு உயிர் போகிற விஷயம். என் தங்கைக்குக் காது கேட்காது. அவளோடு நான் பேசுவது கையால்.

அவளைக் கட்டிக்கொடுத்தது வேதாரண்யத்தில். மாப்பிள்ளைக்கு உப்பளத்தில் வேலை. எங்கள் ஊரோ திருவையாற்றுக்குப் பக்கம். மூன்று பஸ் மாறிப் போய்ச் சேர அரை நாள் ஆகும். அவள் பள்ளிக்கூடம் போனது சில வருடங்கள்தான். பஸ் போர்டைப் படிப்பாள், எழுதி அனுப்பினால் பாதிதான் புரியும். நேரடியாக வீடியோ கால் பேசலாமென்றால், எங்கள் ஊர் சிக்னலுக்குத் தூக்கிய கை தூக்கியபடியே நின்றுவிடும். அதனால் எடுத்து அனுப்புவதுதான் ஒரே வழி.

எங்கள் சைகை எந்தப் பள்ளியிலும் கற்றதல்ல, வீட்டிலேயே உண்டானது. துண்டை உதறித் தோளில் போட்டால் அப்பா. சடையை இழுத்துக் காட்டினால் அவளே. புறங்கையைக் கழுத்தில் வைத்தால் உடம்பு சரியில்லை. கட்டைவிரலால் நெற்றி நடுவில் அழுத்தினால் யாரோ இறந்துவிட்டார் என்று அர்த்தம். இறந்தவர் நெற்றியில் ஒற்றை ரூபாய்க் காசு ஒட்டுவதைச் சின்ன வயதில் பார்த்து அவளே கண்டுபிடித்த சைகை அது.

நான் அவசரக்காரன். கோபம் வந்தால் கை இன்னும் வேகமாகப் போகும். அப்படி ஒரு தடவை அவளைத் திட்டி அனுப்பிய வீடியோவில் என் கைகள் இருந்த இடத்தில் வெறும் கலங்கல்தான் இருந்தது. "என்ன சொன்னே? மறுபடி திட்டு" என்று பதில் அனுப்பினாள். என் மனைவி சிரித்து மாய்ந்து போனாள். "திட்டறதா இருந்தாலும் நிதானமா திட்டுங்க. உங்க போனுக்கு உங்க கோவத்தைத் தாங்கற சக்தியில்ல" என்றாள்.

அப்புறம் மெல்ல மெல்லத் தொழில் பிடிபட்டது. வைக்கோல் போருக்கு முன்னால் நின்றால் போன் வைக்கோலை எண்ணிக்கொண்டிருக்கும், என் விரலைக் கவனிக்காது. மோட்டார் கொட்டகையின் வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்றால் முகம் கறுத்துப் போகும். கடைசியில் மனைவியின் பழைய பச்சைச் சேலையைக் கொடியில் தொங்கவிட்டு, உச்சி வெயிலில் அதற்கு முன்னால் நின்று கையை ஆற அமர அசைத்தால் எல்லாம் தெளிவாக விழுந்தது. வரப்பில் போகிறவர்கள், "என்னங்க, சூட்டிங்கா? கதாநாயகி எங்க?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். எனக்குக் கோபம் வரும். ஆனால் அந்த வெயிலில் நின்று யாரோடு சண்டை போடுவது?

இவ்வளவு பாடுபட்டதற்குக் காரணம் உண்டு. சின்ன வயதில் வீட்டில் எல்லாரும் சிரிப்போம். என்ன என்று கேட்பாள். ஒன்றுமில்லை என்று கையை ஆட்டிவிடுவோம். யாராவது அழுவார்கள், என்ன என்று கேட்பாள். அப்புறம் சொல்கிறேன் என்போம், சொல்ல மாட்டோம். நானும்தான் செய்தேன். கல்யாணம் முடிந்து வண்டி ஏறுமுன் என்னைத் தனியாக இழுத்துப் போய் உள்ளங்கையை நீட்டினாள். வீட்டில் என்ன நடந்தாலும் எனக்குச் சொல்லிவிட வேண்டும், ஒன்றையும் மறைக்கக் கூடாது என்றாள். அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அதற்குப் பிறகு பசு கன்று போட்டதிலிருந்து பக்கத்து வீட்டுச் சண்டை வரை எல்லாம் அவளுக்குப் போனது. அங்கே யார் எது சொன்னாலும், "அண்ணன் வீடியோ வரட்டும்" என்பாளாம்.

சென்ற தை மாதம், அறுவடைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, அப்பா காலையில் காபி குடித்துவிட்டு, "செத்த நேரம் படுக்கறேன்" என்று படுத்தார். அவ்வளவுதான். வெளியே பனி இன்னும் விலகவில்லை.

பெரியப்பா மாப்பிள்ளையைப் போனில் கூப்பிட்டு உண்மையைச் சொன்னார். பிறகு என்னிடம் வந்தார். "தங்கச்சிகிட்ட சீரியஸ்னு மட்டும் சொல்லுப்பா. பஸ்ல மயக்கம் போட்டு விழுந்தா மாப்பிள்ளை ஒத்தை ஆளா என்ன பண்ணுவாரு? நீ அனுப்பினாத்தான் அவ நம்புவா."

எங்கள் பக்கத்தில் சாவை அப்படித்தான் சொல்வது. வெளியூரில் இருக்கிற பிள்ளைக்கு "சீரியஸ், உடனே கிளம்பி வா" என்று செய்தி போகும். இந்தப் பொய்யை எல்லாரும் சொல்லியிருக்கிறோம், எல்லாரும் கேட்டிருக்கிறோம். காது கேட்கிறவர்களுக்கு அது பாதிப் பொய்தான். சொல்கிறவர் குரல் உடைகிறது, பின்னால் பெண்கள் அழுவது கேட்கிறது; பஸ் ஏறும்போதே மனசுக்குத் தெரிந்துவிடும். என் தங்கைக்கு அந்தப் பாதி கிடையாது. இது எனக்கு இப்போது தெரிகிறது. அன்று தெரியவில்லை. எதற்கெடுத்தாலும் வரிந்து கட்டிக்கொண்டு நிற்கிறவன், அன்று பெரியப்பா சொன்னதற்குத் தலையாட்டினேன்.

கொல்லைப்பக்கம் போனேன். மனைவி போனைப் பிடித்தாள். துண்டை உதறித் தோளில் போட்டேன். கை தானாக நெற்றிக்குப் போனது. பாதியில் பிடித்து இறக்கிக் கழுத்தில் வைத்தேன். உடனே வா என்றேன். மனைவி போனைத் திருப்பிக் கொடுத்தாள். மறுபடி எடுக்க எனக்குத் தெம்பில்லை. அனுப்பிவிட்டேன்.

மத்தியானம் வந்தார்கள். வேறு எந்த மகளாக இருந்தாலும் தெருமுனையிலேயே மேளச் சத்தம் கேட்டுக் கதறியிருப்பாள். இவள் கையில் ஒரு பை நிறைய சாத்துக்குடியோடு, வெயிலுக்குத் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, ஆட்டோவிலிருந்து இறங்கி விறுவிறுவென்று வந்தாள். பந்தலைப் பார்த்தாள். நாற்காலிகளில் இருந்தவர்களைப் பார்த்தாள். எல்லாருக்கும் தெரிந்து தனக்கு மட்டும் தெரியாமல் இருக்கிறது என்பதை அவள் புரிந்துகொண்ட அந்த நொடியை நான் வாசலில் நின்று பார்த்தேன். பிறகு அவள் என்னைப் பார்த்தாள். பையை ஓரமாக வைத்துவிட்டு என்னைக் கடந்து உள்ளே போனாள்.

பதினாறாம் நாள் கருமாதி வரை இருந்தாள். என் பக்கம் திரும்பவில்லை. கிளம்புகிற அன்று மட்டும் என் முன்னால் வந்து நின்று, நிதானமாக, என் போனுக்கே புரிகிற வேகத்தில் கையை அசைத்தாள்.

"உன் கை நெற்றிக்குப் போனதை வீடியோவில் பார்த்தேன். பஸ் முழுக்க அதையே திரும்பத் திரும்பப் பார்த்தேன். உன் போன் மோசமான போன், அதுதான் தப்பாகக் காட்டுகிறது என்று நினைத்துக்கொண்டேன்."

அவள் போன பிறகு மன்னிப்புக் கேட்டு வரிசையாக வீடியோ அனுப்பினேன். கும்பிட்டேன், கன்னத்தில் போட்டுக்கொண்டேன், ஒன்றில் தோப்புக்கரணம்கூடப் போட்டேன். எல்லாவற்றையும் பார்த்ததற்கு நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. ஒரு மாதம் ஓடியது. எனக்கு யார் மேல் எரிந்து விழுவதென்று தெரியாமல் மனைவி மேல் விழுந்தேன். இன்னும் என்னதான் செய்யச் சொல்கிறாய் என்று கத்தினேன்.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "எத்தனை தடவைதான் மன்னிப்பு கேப்பீங்க? அப்பா செத்துட்டாருங்கற சேதியை நீங்க இன்னும் அவகிட்ட சொல்லவே இல்லையே" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. அவள் சொன்னது உண்மை. பந்தல் சொன்னது, கூட்டம் சொன்னது, அப்பாவின் உடம்பு சொன்னது. நான் சொல்லவில்லை.

மறுநாள் வெயில் ஏறியதும் பச்சைச் சேலைக்கு முன்னால் போய் நின்றேன். துண்டை உதறித் தோளில் போட்டேன். கட்டைவிரலை நெற்றியில் அழுத்தினேன். விடியற்காலையில், காபி குடித்த பிறகு, என்றேன். எனக்குத் தெரியும், தெரிந்தே பொய் சொன்னேன் என்றேன். அழுகை வந்து மூன்று தடவை வீணாகி, நான்காவதைத்தான் அனுப்ப முடிந்தது.

சாயங்காலம் பதில் வந்தது. போனை எதிலோ சாய்த்து வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது. ஒரே ஒரு கேள்விதான். துண்டு, பிறகு சடை, பிறகு வாய்க்குப் பக்கத்தில் விரல். "அப்பா என்னைக் கேட்டாரா?"

கேட்கவில்லை. யாரையுமே கேட்கவில்லை. மனைவி என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "கேட்டாருன்னு சொல்லிடுங்களேன். பாவம், யாருக்கு என்ன நஷ்டம்?" என்றாள்.

இரவெல்லாம் யோசித்தேன் என்று சொன்னால் பெருமையாக இருக்கும். உண்மையில் யோசிக்கவே இல்லை. வெளிச்சம் போவதற்குள் வெளியே ஓடினேன். "இல்லை. யாரையும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் படுக்கிறேன் என்பதற்கு மேல் ஒரு வார்த்தையும் பேசவில்லை. காபி குடித்தார், படுத்தார்." கையை இறக்கிவிட்டு அப்படியே நின்றேன். மனைவி அழுதுகொண்டே வீடியோவை நிறுத்தினாள்.

அன்று பதில் இல்லை. அடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள் காலையில் ஆறு வீடியோ வரிசையாக வந்தது. உப்பளத்தில் மழை பெய்துவிட்டதாம், மாப்பிள்ளை வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்து குழம்பில் உப்புக் குறை என்கிறாராம், உப்பளத்துக்காரருக்கு எவ்வளவு போட்டாலும் போதவில்லையாம், நீயே வந்து கேள் என்று கை படபடக்கச் சொல்லிக்கொண்டே போனாள். எனக்குப் பிடிபட்டது இவ்வளவுதான், பாதிக்கு மேல் புரியவில்லை. மறுபடி சொல் என்று அனுப்பிவிட்டு, வரப்பில் உட்கார்ந்து அழுதேன்.