பூதக்கண்ணாடி வாங்கிய காலி சிடிகள்

தையல் கூடத்தில் அவளுக்குப் பெயர் பூதக்கண்ணாடி. தைத்து முடித்த சட்டைகளைச் சரிபார்ப்பது அவள் வேலை. காலர் முனை ஒரு நூல் விலகியிருந்தாலும், பட்டன் காஜாவில் ஒரு தையல் விட்டுப்போயிருந்தாலும் விரலிலேயே பிடித்துவிடுவாள். பதினெட்டு வருஷம் இதையே செய்ததில், குறையில்லாத பொருளே கிடையாது, மறைத்து விற்கிற ஆள்தான் உண்டு என்று முடிவு கட்டியிருந்தாள். ஒரு குடை வாங்கினால் பத்துத் தடவை விரித்து மடக்குவாள். "எப்படியோ என்னை மட்டும் திருப்பிப் பாக்காம கட்டிக்கிட்டா" என்பார் கணவர்.

கூடத்துச் சுவரில் முதலாளி பொருத்திய பழைய சிடி பாட்டுப்பெட்டி ஒன்று இருந்தது. கணவர் கம்ப்யூட்டரில் சேர்த்துவைத்த பாட்டுகளைக் காலி சிடியில் எழுதி அவள்தான் கொண்டுவருவாள். பாட்டு ஓடினால் முப்பது மெஷினும் சோர்வில்லாமல் ஓடும். கைமாறிப் போகக்கூடாது என்று ஒவ்வொரு சிடியின் மேலும் பால்பாயிண்ட் பேனாவால் தன் முதலெழுத்தைப் போட்டுவைப்பாள்.

ஒரு நாள் நான்காவது பாட்டு பாதியில் திக்கியது. ஒரே வார்த்தையையே திரும்பத் திரும்பச் சொன்னது.

"அக்கா, பாடுறவருக்கு விக்கல். யாராவது தண்ணி குடுங்க" என்றான் இஸ்திரிக்காரன்.

கூடமே சிரித்தது, அவளைத் தவிர. இவன் மேஜை பெட்டிக்கு நேர் கீழே இருக்கிறது. பாட்டுக்குப் பதில் ரேடியோ வைக்கலாமே என்று இரண்டு முறை கேட்டவன். இவன்தான் சிடியில் கை வைத்திருப்பான் என்று நினைத்தாள்.

அன்றிலிருந்து சிடிகள் அவள் டிராயருக்குள் போய்ப் பூட்டிக்கொண்டன. யாரும் மாற்றிவிடாதபடி, முதலெழுத்தோடு தேதியும், தனக்கு மட்டும் தெரிகிற இரண்டு புள்ளிகளும் சேர்த்து, கல்லில் செதுக்குவது போல அழுத்தி எழுதினாள். அடுத்த சிடி அதைவிட மோசமாகத் திக்கியது. சாவிக்கு நகல் எடுத்துவிட்டானோ என்றது ஒரு மனம். கடைக்காரர் போலியைத் தலையில் கட்டிவிட்டாரோ என்றது இன்னொரு மனம்.

கம்ப்யூட்டர் சாமான் கடையில் மூன்று கம்பெனி டப்பாக்களை எடுத்துவைக்கச் சொன்னாள். ஒவ்வொரு சிடியையும் ஓரத்தில் பிடித்து, சாய்த்து, பின்பக்க நிறத்தைப் பார்த்தாள். ஒன்று பச்சை, ஒன்று நீலம், ஒன்று வெள்ளி.

"ஒரே சாமானுக்கு எதுக்கு மூணு கலர்? எது அசல்?"

"மூணுமே அசல்தாம்மா. உள்ள பூசுற சாயம் வேற, அவ்வளவுதான். உங்க பெட்டி பழசா?"

"ஏன் கேக்கறீங்க?"

"பழைய பெட்டின்னா அழிச்சு எழுதற சிடி வேண்டாம், படிக்காது. ஒரு தடவை எழுதறதே போதும். அட்டையில அம்பத்திரண்டுன்னு வேகம் போட்டிருக்கும், நீங்க பதினாறுல எழுதுங்க."

கேட்காமலே இவ்வளவு சொல்கிறாரே என்று அதற்கும் ஒரு சந்தேகம். சீல் பிரிக்காத பத்து சிடி கட்டு ஒன்றை வாங்கி, சீலை இரண்டு முறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் பையில் போட்டாள். அதில் மூன்று சிடியில் மெதுவாகப் பாட்டுகளை எழுதி, பழையபடி பேனாவால் அடையாளமும் போட்டாள். மூன்றும் திக்கின.

மறுநாள் சண்டைக்கே போனாள். கடைக்காரர் ஒரு சிடியை வாங்கி டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். வெள்ளிப் பூச்சு கீறி, அவள் முதலெழுத்தும் தேதியும் இரண்டு புள்ளிகளும் ஒளியாகத் தெரிந்தன.

"யாரும்மா இவ்வளவு அழுத்தி எழுதினது?"

"நான்தான். ஏன்?"

"பாட்டு இருக்கறது இந்த மேல்பக்கத்துக்கு அடியிலதான், மேல வார்னிஷ் மாதிரி மெல்லிசா ஒரு பூச்சுதான். அடிப்பக்கம்தான் கெட்டி பிளாஸ்டிக். பேனா முனை பாட்டையே கிழிச்சிருச்சு."

அவள் நம்பவில்லை. வீட்டில் ஒரே பாட்டுகளை இரண்டு சிடியில் எழுதி, ஒன்றில் பேனாவால் எழுதினாள், மற்றதைத் தொடவில்லை. தொடாதது கடைசிப் பாட்டு வரை தடையின்றி ஓடியது. மற்றது மூன்றாவது பாட்டிலேயே திக்கியது. அதை எடுத்து விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். பதினெட்டு வருஷம் அடுத்தவர் தையலில் குறை பிடித்தவளுக்கு, தன் கையெழுத்து கண்ணில் படாமல் போயிருந்தது.

காலையில் இஸ்திரி மேஜை முன்னால் போய் நின்றாள்.

"தம்பி, சிடிய நீதான் கெடுக்கறேன்னு நெனச்சேன். கெடுத்தது நான்தான்."

அவன் இஸ்திரிப் பெட்டியைச் சட்டையிலிருந்து எடுத்து நிமிர்த்தி வைத்தான். "டிராயர பூட்டினப்பவே தெரியும்க்கா. நான் வந்தா சாவிய முந்தானையில மறைப்பீங்க."

அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. இரண்டு நாள் அவன் வேலையைத் தவிர வேறு பேச்சு பேசவில்லை. அவளும் வற்புறுத்தவில்லை, டிராயரை மட்டும் திறந்தே வைத்தாள். மூன்றாம் நாள் அவனே வந்தான்.

"வீட்டுல என் சம்சாரம் பாட்டு சிடி வேணும்னு கேக்கறா. ஒண்ணு எழுதிக் குடுங்களேன்."

எழுதிக் கொண்டுவந்தாள். அவன் பைக்குள் வைக்கப் போனபோது கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இரு, ஒரு தடவை முழுசா இங்க ஓட்டிப் பாத்துட்டு எடுத்துட்டுப் போ."

"என் மேல சந்தேகம் தீந்துச்சு, சிடி மேல இன்னும் தீரலையா?" என்று சிரித்துக்கொண்டே அவன் சிடியைப் பெட்டியில் போட்டான்.